ரஹமத்தின் சோப்புக் கட்டி

செஞ்சிக் கடைவீதியில் ரஹமத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். கை சுத்தம், வாய் மோசம். இரண்டுமே நிஜம்தான். கடைவீதியிலிருந்து பிரிகிற சந்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பாலிஷ் போடுகிற ஒரு பஃபிங் மோட்டார், மோட்டாரின் இரண்டு பக்கமும் துணிச் சக்கரம். காலை பத்து மணிக்கு அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் சாயங்காலம் முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு வெளியே வருவாள். குத்துவிளக்கு, அண்டா, பள்ளிக்கூடத்துக் கோப்பை, மேல்சித்தாமூர் வியாபாரிகள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம் என்று எது வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவாள். பட்டறையை ஆரம்பித்தது அவள் வீட்டுக்காரர் ஜகபர் அலி. தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் அவர் டெம்போ ஓட்டப் போய்விட்டார். பொம்பளை சக்கரத்தில் நிற்பதா என்று நாலு பேர் கேட்டார்கள். அப்போது அவள் சொன்ன பதிலை இங்கே அச்சில் போட முடியாது. ஆயிற்று, பத்தொன்பது வருஷம்.

அவளிடம் விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் சோப்பு, அப்புறம்தான் பேச்சு. துணி துவைக்கிற நீலச் சோப்பை வெயிலில் வைத்து இளக்கி, பாத்திரத்தின் விளிம்பையும் பேர் வெட்டிய இடத்தையும் அதில் ஓர் அழுத்து அழுத்தி எடுப்பாள். அச்சு அப்படியே விழுந்துவிடும். சோப்பின் முதுகில் ஆணியால் பேரும் தேதியும் கீறி அலமாரியில் வைப்பாள்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் பனமலை சுந்தராம்பாள் ஓர் அண்டாவைக் கொடுத்து வாங்கிப் போனவள், மறுநாள் ஆளோடு வந்து நின்றாள். பேர் வெட்டினதில் பாதியைக் காணோம், என் பித்தளையைச் சுரண்டிவிட்டாள் என்று கத்தல். விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போனது. "முன்ன எப்படி இருந்துச்சுன்னு காட்ட உங்கிட்ட இன்னாம்மா இருக்குது?" என்று ஏட்டு கேட்டார். ரஹமத்திடம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத் தலை குனிந்துகொண்டு வெளியே வந்தவள், அடுத்த நாளே சோப்பு வாங்கினாள். சண்டையில்லாமல் பொருள் வீடு போய்ச் சேர்ந்தால் அந்தச் சோப்பு துவைக்கிற கல்லுக்குப் போகும். ஊரார் பேரையெல்லாம் போட்டுத்தான் அவள் மகள் அஸ்பியா துணி துவைத்தாள்.

தை மாசம் நெல் மண்டி இளவரசன் வந்தார். செஞ்சியில் அவருக்குத் தெரியாத மூட்டை இல்லை, அவர் பேசாத கூட்டம் இல்லை. சிங்கப்பூர்த் தம்பி கொடுத்த சுவிஸ் வாட்ச் ஒன்று அவர் கையில் எட்டு வருஷமாகக் கிடந்தது. மூட்டையிலும் தராசிலும் உரசி உடம்பெல்லாம் கீறல். ஆவணியில் மகள் கல்யாணம். அதற்குள் பளபளவென்று ஆக்க வேண்டுமாம்.

ரஹமத் வாங்கினாள். வாரை மடித்துப் பிடித்துக்கொண்டு வாட்சைச் சோப்பில் அழுத்தினாள்.

"ஏம்மா, அது இன்னா சொம்பா!" என்று இளவரசன் பதறினார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் பக்கம் முழுக்க மயிரிழைக் கோடுகள். பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு, வார் கோக்கிற நாலு கொம்பின் நுனி வரைக்கும் நேராக ஓடியது. எந்த மகராசன் தீட்டினானோ, அவளுக்கே கை கூப்பத் தோன்றியது.

"இது என் சக்கரத்துக்கு ஆவாதுண்ணே. துணி பட்டா அந்த ஓரம் செத்துடும். கீறல் இருந்தா இன்னா, ஒழைச்ச கைதானே? அப்டியே கட்டிக்கோங்க."

"ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு, ரஹமத்து. பயமா இருக்குதுன்னு சொல்லு. நான் கம்பெனிக்காரன்கிட்டயே குடுத்துக்குறேன்."

கொடுத்தார். சென்னையில் அந்தக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர். ஆறு வாரம் வைத்திருந்தார்கள். வெல்வெட் பையில் போட்டு, சான்றிதழ் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக ரஹமத் சந்துக்கே வந்தார். எதிர் டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். "பாத்தியா, வேலைன்னா இதுதான் வேலை" என்று கையை நீட்டினார்.

ரஹமத் கிட்டே போய்ப் பார்த்தாள். கோடுகளைக் காணோம். கத்தி விளிம்பைக் காணோம். கொம்பு நாலும் உருண்டு மழுங்கிக் கிடந்தன. மேல், பக்கம் என்ற பேதமே இல்லாமல் எல்லாம் ஒரே வழவழப்பு. கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தில் கொடுத்திருக்கிறான் பாவி.

"இன்னாண்ணே இது, சப்பின மிட்டாய் மாதிரி இருக்குது?"

பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனால் அது என்றைக்கு சும்மா இருந்தது? அன்று சாயங்காலமே மண்டிக்காரருக்கு சப்பின மிட்டாய் என்று பேர் விழுந்துவிட்டது.

இளவரசன் கம்பெனிக்குக் கோபமாக எழுதினார். பதில் வந்தது. அடேயப்பா, எவ்வளவு மரியாதையான பதில்! 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்து, 'தங்கள் கடிகாரம் எங்களிடம் வரும் முன்பே உள்ளூரில் பாலிஷ் செய்யப்பட்டு விளிம்புகள் தேய்ந்திருந்தன' என்று முடிந்தது. வாட்சைக் கொடுத்த அன்று கவுன்ட்டரில் இருந்த பெண், வேறு எங்கேயாவது காட்டினீர்களா என்று கேட்டிருக்கிறாள். எங்க ஊர் பாலிஷ்காரம்மாகிட்ட காட்டினேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அது போதுமே அவர்களுக்கு.

இவருக்கும் அது போதும். சோப்பில் அழுத்தியதைத் தவிர ரஹமத் அந்த வாட்சை ஒன்றும் செய்யவில்லை என்று கண்ணால் பார்த்த மனுஷன், அந்தக் கடிதத்தைக் கடைகடையாகக் காட்டினார். "கம்பெனிக்காரனே எழுதிட்டான், பாருங்க. கெடுத்தது அவதான்."

ஊர் நம்பியது. லெட்டர்ஹெட்டில் வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? முதலில் கல்யாண மண்டப மேனேஜர் பீமாராவ் வந்து, பாலிஷுக்குப் போட்டிருந்த விளக்குகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டார். "கோச்சுக்காதம்மா. மண்டபத்துச் சாமான், நாளைக்கு எனக்குக் கெட்ட பேராயிடும்." அப்புறம் மேல்சித்தாமூர்த் தாம்பாளங்கள் போயின. பங்குனி முழுக்கச் சக்கரம் பாதி நாள் சும்மா நின்றது. பத்தொன்பது வருஷம் கரி தின்று சேர்த்த பேர், மூன்று வரிக் கடிதத்தில் போயிற்று. ரஹமத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அலமாரியிலிருந்து 'மண்டி, தை 9' என்று கீறிய சோப்பை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போனாள்.

"வாட்சைக் கயட்டி இதுல வையுங்க. நான் கெடுத்தேனா, அவன் கெடுத்தானான்னு தெரிஞ்சிடும்."

"துணி தொவைக்கிற சோப்பை எடுத்துகினு சாட்சி சொல்ல வந்துட்டா! வாட்சை சரி பண்ணிக் குடுக்கச் சொல்லி நான் கம்பெனிக்குத்தான் போறேன். தைரியம் இருந்தா அங்க வந்து காட்டு."

"வரேன். எப்போ?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. உள்ளே கல்யாணப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பூங்குழலி எட்டிப் பார்த்து, "வியாழக்கிழமை கார்ல போறோம். நீயும் வா, ரஹமத்து" என்றாள். பதினைந்து வருஷமாக அவள் சீர்ப் பாத்திரங்கள் ரஹமத்திடம் போய் வந்துகொண்டிருந்தன. சோப்புக் கதை அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஒரே காரில் போனார்கள். ரஹமத் சோப்பை டிபன் டப்பாவில் வைத்து, ஏசி காற்று படும்படி மடியில் பிடித்துக்கொண்டே போனாள்.

சர்வீஸ் சென்டரில் எல்லாம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நெடுமாறன் காபி கொடுத்தார், சிரித்தார். தொழிற்சாலையிலேயே பயிற்சி எடுத்தவர்கள்தான் பாலிஷ் செய்கிறார்கள், தயாரிப்பாளரின் தரத்துக்கு ஒரு மயிரிழை குறையாது என்று மனப்பாடமாகச் சொன்னார். இளவரசன் தலையாட்டினார்.

ரஹமத் டப்பாவைத் திறந்து, கண்ணாடி மேஜையில் நீலச் சோப்பை எடுத்து வைத்தாள். நெடுமாறன் அதை விரலால் தொடக்கூட இல்லை.

"என்ன மேடம் இது?"

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்த வாட்ச் எப்படி இருந்துச்சோ, அதுதான் இது. வையுங்கண்ணே."

இளவரசன் கழற்றி வைத்தார். சோப்பில் விளிம்பு கத்தியாக விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் வாட்ச் போய் உட்கார்ந்தது, ஆனால் நிற்கவில்லை. ரஹமத் விரலால் தட்டினாள். கடகடவென்று ஆடியது. கொம்புக்கும் சோப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

நெடுமாறன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சோப்பு காய்ஞ்சா சுருங்கும் மேடம். இதெல்லாம் ஆதாரம் ஆகாது."

"சுருங்கும் சார். நீங்க சொல்றது ரொம்ப சரி. சுருங்கினா பள்ளம் சின்னதாகணும். வாட்ச் உள்ளயே போகக் கூடாது, இல்லாட்டி இறுகிப் பிடிக்கணும். ஆடுதே, ஏன்? அப்போ சோப்பை விட உங்க வாட்ச் ஜாஸ்தியா சுருங்கிடுச்சா?"

பூங்குழலி சிரித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டுக்காரர்களில் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டான்.

"வாட்சை வாங்குன அன்னிக்கு போட்டோ புடிச்சிருப்பீங்களே, அதக் காட்டுங்க" என்றாள் ரஹமத்.

"அது எங்க உபயோகத்துக்கு மட்டும் மேடம்."

அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்த நெடுமாறன், மறுபடியும் சிரித்தார். வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காக வாட்சின் உடம்பையே இலவசமாக மாற்றிப் புதிது போட்டுத் தருவார்களாம். பழைய உடம்பைத் திருப்பித் தரமாட்டார்களாம். ஒரே ஒரு கையெழுத்து போதும். இளவரசனுக்கு வாயெல்லாம் பல்.

"அந்தப் பேப்பர்ல இன்னா எழுதியிருக்குது?" என்று ரஹமத் கேட்டாள்.

பூங்குழலி வாங்கிப் படித்தாள். 'முன்பே உள்ளூரில் பாலிஷ் செய்யப்பட்டது என்பதை வாடிக்கையாளர் ஏற்கிறார்.'

"அத அடிங்க சார்."

"ரெக்கார்டை மாத்த முடியாது மேடம். உங்க பேர் எங்கேயும் இல்லையே?"

"செஞ்சில உள்ளூர்ப் பாலிஷ்னா நான் ஒருத்திதான். ஊருக்கே தெரியும். அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க. நான் தொடலன்னு உங்களுக்குத் தெரியும்."

இளவரசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "விடும்மா. எனக்குப் புதுசு வருதில்ல? எதுக்கு டென்ஷன்?" என்று சொல்லிக்கொண்டே போட்டார். ரஹமத் சோப்பை டப்பாவில் வைத்து மூடினாள். கோயம்பேட்டுக்குப் போய், நின்றுகொண்டே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இளவரசன் வீட்டு டெம்போ சந்தில் வந்து நின்றது. கல்யாணத்துக்கு வாசலில் வைக்கிற ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு, இன்னும் சின்ன விளக்குகள். கூட இளவரசனும் வந்திருந்தார். கையில் புது உடம்போடு வாட்ச், விளிம்பெல்லாம் கத்தியாக. ஊருக்குள் அவர் சொன்னது, கம்பெனிக்காரன் பெரிய மனசு பண்ணி மாற்றிக் கொடுத்தான் என்று.

ரஹமத் விளக்கின் அடியைச் சோப்பில் அழுத்தி எடுத்தாள். அப்புறம் அஸ்பியாவைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னாள். 'இந்த விளக்குகள் பட்டறைக்கு வரும்போதே தேய்ந்து கெட்டுப்போயிருந்தன என்பதை ஏற்கிறேன்.'

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

இளவரசன் படித்தார். முகம் சிவந்தது. "இன்னா இது? என் வெளக்கு நல்லாத்தானே இருக்குது?"

"என் கையும் நல்லாத்தான்ணே இருந்துச்சு."

டீக்கடையில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க போட்டீங்களே, இங்க போடறதுக்கு இன்னா? இல்லேன்னா அந்தப் பேப்பர் பொய்னு இந்தப் பத்துப் பேர் முன்னாடி உங்க வாயால சொல்லுங்க. நாளைக்கே வெளக்கு ரெடி."

அவர் சொல்லவில்லை. விளக்கைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லி டெம்போக்காரனைத்தான் அதட்டினார்.

வீட்டில் புளி போட்டுத் தேய்க்க ஆள் வந்தது. பூங்குழலி விடவில்லை. கல்யாணத்தன்று மண்டப வாசலில் அந்த இரண்டு விளக்கும் கறுத்துப்போய் நின்றன. உள்ளே வந்த ஒவ்வொருத்தரும், ஏன் இப்படி மங்கிக் கிடக்குது என்று கேட்டார்கள். பூங்குழலியும் சலிக்காமல், பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சோப்பிலிருந்து கையெழுத்து வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் சொன்னாள். இளவரசன் அன்றைக்கு முழுக்கைச் சட்டையை மடித்துவிடவே இல்லை.

மூன்றாம் நாள் பீமாராவ் மண்டபத்து விளக்குகளோடு வந்தார். ரஹமத் அவரை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துத் திட்டிவிட்டுத்தான் சோப்பை எடுத்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை துவைக்கச் சோப்பு தீர்ந்துபோய், அஸ்பியா அலமாரியில் கை விட்டாள். 'மண்டி, தை 9' வந்தது.

"அத வைடி" என்றாள் ரஹமத். "அந்த ஆளு இன்னும் வாயத் தொறக்கல."