தீர்ப்புக்குப் பின் ஒரு மிளகுப் பருவம்

அப்பாவின் மிளகுத் தோட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தபோது என் தலை நரைத்திருந்தது. நாமக்கல் கோர்ட்டிலிருந்து அமீனா மலையேறி வந்து, அளந்து, எல்லைக்கல் நட்டுக் கொடுத்தார். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார்.

தை பிறந்ததும் மிளகு பழுத்தது. கொடிகள் மரங்களில் உயரமாக ஏறியிருந்தன. ஏணி வைத்துப் பறிக்க ஆள் கேட்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். என்னோடு பள்ளிக்கூடம் போனவள்தான் உண்மையைச் சொன்னாள்.

"நாயம் உன்ற பக்கந்தான் கண்ணு, நான் இல்லைங்கல. ஆனா உங்கண்ணன் தோட்டத்துலதான் எங்களுக்கு வருசம் பூரா வேலை. அவரப் பகைச்சுக்கிட்டு இங்க எப்படிப் பொழைக்கிறது?"

"அதான் தீர்ப்பு வந்திருச்சே" என்றேன்.

"அது நாமக்கல்லுல வந்துது" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் தனியாகவே போனேன். ஏணியைத் தூக்கி நிறுத்த என்னால் முடியவில்லை. கை எட்டிய மட்டும் பறித்தேன். மேலே பழுத்ததெல்லாம் பறவைக்கும் மண்ணுக்கும் போனது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், அண்ணன் தோட்டத்தில், ஆட்கள் பேசிச் சிரித்தபடி பறித்துக்கொண்டிருந்தார்கள்.