புதைக்கப்படாத ட்ரம் மெஷின்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் அச்சுவேலியில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. முடித்த வீடியோவை, கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் சொந்தக்காரர் பார்க்கவென்று யூடியூப்பில் ஏற்றுவோம். பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தால், உரிமைப் பிரச்சினை என்று சரியாகத் தாலி கட்டும் இடத்தில் சத்தம் அறுந்து போகும். மாப்பிள்ளை வீட்டாரின் ஏச்சு எனக்குத்தான் விழும். அந்த எரிச்சலில்தான் நானே இசை செய்யத் தொடங்கினேன். முதலில் கம்ப்யூட்டரில். பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு புது ட்ரம் மெஷின் வாங்கினேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. நான் பதிந்து கொடுக்கும் எந்தச் சத்தத்தையும் அது தாளமாக்கித் தரும். புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டத்து வாட்டர் பம்ப் இருமி இருமி ஸ்டார்ட் ஆகும் சத்தம், காங்கேசன்துறைப் பக்கம் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த ஒரு தகரம், எங்கள் வாசல் படலையின் கொண்டி. இவைதான் என் மேளங்கள். கொஞ்ச நாளில் அது கலியாண வீட்டுக்கு உதவாத இசையாகிவிட்டது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பாவுக்கு இது காதில் விழுந்தது. அவர் அகதியாகப் போன புதிதில் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவினார். சனி ஞாயிறுகளில் அங்குள்ள தமிழரின் இசைக்குழுவில் தாளம் போட்டார். அந்தக் காலத்தில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய ட்ரம் மெஷினைப் போன வருடம் துவாயில் சுற்றி, சவர்க்காரங்களுக்கும் சொக்லேற்றுகளுக்கும் நடுவில் வைத்து, பெட்டி போட்டு எனக்கு அனுப்பினார்.

அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதன் அடிமேளம் ஒலித்தால் மேசையில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். அதற்குள் பதிந்து வைத்த ஒலி எதுவும் இல்லை. ஒவ்வோர் அடியும் அந்தந்த நேரத்தில் மின்சாரத்திலேயே பிறக்கிறது. அதனால் ஓர் அடியைப் போல மற்ற அடி இராது. ஆனால் எங்கள் ஊர்ப் பகல் வெக்கையில் அதன் சுருதி இறங்கிக்கொண்டே போகும். கரண்ட் போனால் அதுவரை போட்ட தாளமெல்லாம் அழிந்துவிடும். இரண்டு பொத்தான்கள் வேலை செய்யாது. ஏழு அடித் தாளத்தை அதில் ஏற்றுவதற்குள் எனக்கு அந்தத் தாளமே வெறுத்துப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பம்ப் சத்தம் தெரியாது. அது பிறந்த நாட்டுச் சத்தம்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உந்தப் புதுசு பிளாஸ்ரிக் சாமான் பிள்ளை. உது விளையாட்டுப் பொருள். உலகம் முழுக்கப் பழசைத் தேடி அலையுது, நீ அதை அலுமாரிக்கை வைச்சிருக்கிறாய்!"

"சித்தப்பா, உங்கடை மெஷின்ரை அடிமேளத்தைப் பதிஞ்சு என்ரை புது மெஷினுக்கை வைச்சிருக்கிறன். அந்தச் சத்தம் என்னட்டை இருக்கு."

"அது போட்டோவைக் கொஞ்சிற மாதிரி," என்று போனை வைத்துவிட்டார்.

இப்படி நாங்கள் இருவரும் முகம் தூக்கிக்கொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஒரு மின்னிசை விழாவுக்கு ஆள் தேடிக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். மரியாதையான பிள்ளை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் இசை இரண்டைக் கேட்டார், தலையை ஆட்டினார். பிறகு அலுமாரிக்குள் இருந்த பழைய மெஷினைக் கண்டார். அதோடு ஹெட்போன் கழன்றது. அதைத் தூக்கி முற்றத்தில் வைத்துப் படம் எடுத்தார், என் மடியில் வைத்து எடுத்தார், சிரிக்க வேண்டாம் என்று சொல்லி எடுத்தார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வந்த பிள்ளையிடம் இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்று இடம்பெயர்ந்த காலத்தைச் சொன்னார். தன் தையல் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் புதைத்துவிட்டு ஓடியதையும், திரும்பி வந்தபோது யாரோ தோண்டிய வெறும் கிடங்குதான் இருந்ததையும் சொன்னார். அம்மா அதை எல்லோரிடமும் சொல்வதில்லை.

இரண்டு கிழமை கழித்து என் போனுக்குப் போஸ்டர் வந்தது. 'மண்ணுக்கடியில் துடித்த தாளம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மடியில் பழைய மெஷினோடு சிரிக்காத நான். கீழே, போருக்குத் தப்பி ஓடிய ஒரு குடும்பம் தங்கள் ட்ரம் மெஷினைக் கொல்லையில் புதைத்ததாகவும், சமாதானம் வந்தபின் மகள் அதைத் தோண்டியெடுத்து இசைப்பதாகவும் எழுதியிருந்தது.

அம்மாவிடம் போனை நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"நான் தையல் மெஷினையெல்லோ சொன்னனான்," என்றார். பிறகு, "எங்கடை மெஷின் கிடைக்கேல்லையே," என்றார். அவ்வளவுதான். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அந்தத் தம்பிக்கு உடனே போன் எடுத்தேன்.

"அக்கா, பிழையா நினைக்காதீங்க. ஒரு சின்ன மாற்றம்தானே. புதைச்சதும் ஒரு மெஷின்தானே."

"தையல் மெஷினும் ட்ரம் மெஷினும் உமக்கு ஒண்டோ தம்பி? அம்மா அதிலை சட்டை தைச்சு எங்களை வளர்த்தவ. அது போயிட்டுது. போனதைக் கிடைச்சதெண்டு எழுத உமக்கு ஆர் சொன்னது?"

"ஆட்கள் கதைக்குத்தான் வருவாங்க அக்கா. வெளிநாட்டில இருந்து பத்திரிகைக்காரங்க வாறாங்க. புது மெஷின் எல்லாரிட்டயும் இருக்கு. உங்களிட்ட இருக்கிறதுதான் வித்தியாசம்."

என்னிடம் இருந்த வித்தியாசம் என் இசை என்று நான் நினைத்திருந்தேன். அதைக் கேட்க அவர் ஹெட்போனை எவ்வளவு நேரம் மாட்டியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. கொழும்பில் இருந்து வருகிற பையன்கள் எந்த மெஷினைக் கொண்டுவந்தாலும் அது அவர்களின் ரசனை. நான் கொண்டுபோவது மட்டும் காயத்தோடு இருக்க வேண்டும். சுருதி இறங்கினாலும், தாளம் அழிந்தாலும், மண் ஒட்டியிருந்தால் போதும்.

புது மெஷினோடுதான் வருவேன், எழுதியதைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். பார்க்கிறேன் என்றார்.

அன்று பின்னேரம் சித்தப்பாவின் அழைப்பு வந்தது. போஸ்டர் ஜெர்மனிக்கும் போய்விட்டிருந்தது. பழைய மெஷின் மேடை ஏறுகிறது என்று சந்தோஷப்படப் போகிறார், அவருக்கும் ஒரு சண்டை வைத்திருக்கிறேன் என்று எடுத்தேன்.

"ஆர் பிள்ளை உதை எழுதினது?" அவர் குரல் உடைந்திருந்தது. "புதைச்சதோ? நான் வெந்நீருக்கை கையை விட்டு விட்டுத் தோல் உரிஞ்சு உழைச்சு வாங்கினது! பனிக்கை தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஏறி வாசிச்சது! அந்தக் காலமெல்லாம் எங்கை போயிட்டுது? என்னைத் தூக்கிப் புதைச்சுப் போட்டான், உவன்!"

நான் அழுதேன். எனக்காகவா, அம்மாவுக்காகவா, அவருக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"உன்ரை புது மெஷினைக் கொண்டு போ," என்றார் கடைசியில். "நான் சொன்னாலும் பழசைக் கொண்டு போகாதை."

விழா அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் பையில் புது மெஷின் மட்டும். தம்பி வாசலிலேயே கேட்டார்: பழையதைக் கொண்டு வரவில்லையா, வயரே கொடுக்க வேண்டாம், மேசையில் சும்மா வைத்தால் போதும், படத்துக்காக. இல்லை என்றேன். முகம் கறுத்தது. சற்று நேரத்தில் என் முறை மாறிவிட்டது. இரவு விளக்குகளோடு வாசிக்க இருந்தவளைத் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மண்டபத்தில் அப்போது மேசை கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களும், முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி அம்மாவும், சுவரோரம் அங்கொருவர் இங்கொருவருமாகச் சிலரும்தான்.

மைக்கை வாங்கினேன். "போஸ்டரில் உள்ளது பொய். அந்த மெஷினை யாரும் புதைக்கவில்லை. அது என் சித்தப்பா ஜெர்மனியில் உழைத்து வாங்கியது. புதைத்தது அம்மாவின் தையல் மெஷின். அது கிடைக்கவில்லை. இது வேறு மெஷின், இதில் இருப்பது எங்கள் தோட்டத்துப் பம்ப்." வேகமாகச் சொல்லிவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். பம்ப் இருமியது, தகரம் விழுந்தது, ஏழு அடியில் சுற்றத் தொடங்கியது. சித்தப்பாவின் அடிமேளம் கீழே நின்று தாங்கியது. கதிரை அடுக்கியவர்களில் ஒருவர் கையிலிருந்த கதிரையை இறக்கி வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்து கேட்டார்.

இறங்கி வந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம், உன் இசை நன்றாக இருக்கிறது, ஆனால் புது மெஷினில் ஆன்மா இல்லை, அந்தப் பழையதோடு கேட்டிருக்கலாம் என்றார். நான் வாசித்ததை அவர் கேட்கவில்லை, அப்போதுதான் வந்து சேர்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்காத இசையில் ஆன்மா இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்? கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

விழாக்காரரின் இணையத்தளத்திலும் அதே கதைதான் இருந்தது; அவர்களுக்கு எழுதினேன், மறுபடியும் எழுதினேன். கடைசியில் திருத்தினார்கள். 'புதைக்கப்பட்ட' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'போரில் தப்பிய' என்று போட்டார்கள். அடுத்த கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் இல்லை.

கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த சித்தப்பா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி நின்றார். பழைய மெஷினைத் திறந்து, செத்துப்போன பொத்தான்களில் ஒன்றைச் சரிப்படுத்தினார். புது மெஷினை நான் வாசிக்கக் கேட்டுவிட்டு, என் அடிமேளம் இன்னும் மெலிவு என்றார். ஓம் என்றேன். உண்மைதான், மெலிவுதான். மேடைக்கு எதைக் கொண்டு போவாய் என்று கேட்டார். புதுசைத்தான் என்றேன். பழசுக்காக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தேத்தண்ணீர் கேட்டார்.