வலைப்பைக்குள் கறிவேப்பிலை

இஸ்திரிக்காரிக்கு மூக்கு நீளம் என்று புகுந்த வீட்டில் சொல்வார்கள். முகத்தில் அல்ல, வேலையில். நாலாவது மாடியில் யாராவது கடுகைப் போட்டால், வாசலில் நின்றபடியே, எண்ணெய் இன்னும் காயவில்லை என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான், கணவனுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்ததென்று கடல் தாண்டிப் போனாள். போன மூன்றாம் மாதமே அவளுக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி வேலை கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்கு எண்பது தலையணை உறை. அவளுக்கு அது ஊதித் தள்ளுகிற வேலை.

அவளை அசைத்துப் பார்த்தது கறிவேப்பிலைதான். நம் வீட்டில் சாப்பிடும்போது எடுத்துத் தட்டின் ஓரத்தில் தள்ளுகிற அந்த இலை, அந்த ஊரில் தள்ளுவதற்குக்கூடக் கிடைக்கவில்லை. கடையில் பாக்கெட்டில் விற்றது இலையா, டீத்தூளா என்று தெரியாத அளவுக்குக் காய்ந்திருந்தது.

ஒரு கோடைநாளில் சந்தையில் அலங்காரச் செடிகள் விற்கிற கடையைத் தாண்டினாள். பத்தடி போனவள் நின்று, பின்பக்கமாகவே நடந்து வந்தாள். கண் பார்க்கவில்லை, மூக்குதான் இழுத்து வந்தது. பூச்செடிகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் நின்றது அது. கடைக்காரருக்கே அது என்ன செடியென்று தெரியாது. பூக்கவே மாட்டேனென்கிறதே என்று வருத்தப்பட்டுத்தான் விற்றார்.

அன்று மாலையே நாத்தனார் வீட்டில் போய்ச் சொன்னாள். நாத்தனார் அந்த ஊருக்கு வந்து இருபது வருடம். வந்த புதிதிலிருந்து ஏழு கறிவேப்பிலைச் செடிகளை வாங்கி, ஏழையும் குளிருக்குக் காவு கொடுத்தவள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இஸ்திரிக்காரியின் வாய் சும்மா இருக்கவில்லை. குளிர் முடிவதற்குள் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். நாற்பது பேருக்குச் சாப்பாடு, வீட்டு ஆட்களே சமையல். அந்தச் சமையலுக்குத் தாளிக்கப் பச்சைக் கறிவேப்பிலை தன் செடியிலிருந்து வரும் என்று, அன்று அங்கே வந்திருந்த சம்பந்தி வீட்டார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது கணவன் சொன்னான்: "அக்காகிட்ட வாயைக் குடுக்காதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"குடுத்தாச்சுங்க. இனி இலையைக் குடுத்தாத்தான் ஆகும்."

கோடை முழுக்கச் செடி ஜன்னலோரம் ராணி மாதிரி இருந்தது. குளிர் வந்ததும் இலை கொஞ்சம் வெளிறியது. இஸ்திரிக்காரி உடனே வைத்தியத்தைத் தொடங்கினாள். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும் என்பது அவள் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். வெயில் கொளுத்துகிற கொல்லையில் வாரத்துக்கு ஒரு டம்ளர் ஊற்றினால், மண் குடித்துவிட்டு ஏப்பம் விடும். அவளோ, பாவம் குளிரில் கிடக்கிறதே என்று தினம் ஒரு டம்ளர் ஊற்றினாள். ஜன்னலைத் திறக்க முடியாத காலம் அது. பத்தாவது நாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் டார்ச் விளக்கோடு வந்தார். எங்கோ எலி செத்துக் கிடப்பதாக மூன்று மாடியிலிருந்தும் புகாராம். சுவர் இடுக்கு, சமையல் தொட்டியின் அடி, அலமாரிக்குப் பின்னால் என்று தேடினார். இஸ்திரிக்காரியும் சேர்ந்து தேடினாள். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தாள். அவர் போனதும் தொட்டி மண்ணை மாற்றினாள்.

மண்ணை மாற்றியும் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாதக் கடைசியில் தொட்டியில் ஒரு குச்சி நின்றது.

நாத்தனார் பார்க்க வந்தாள். குச்சியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"ஏம்மா, இதை எதுக்கு வெச்சிருக்க? பல் குத்தவா?"

"இருக்கட்டும் அண்ணி. நிச்சயத்துக்கு இதுலதான் தாளிப்பு."

"நான் கடையில ஐஸ்ல வெச்ச பாக்கெட் ரெண்டு வாங்கிட்டேன். நீ வெறுங்கையோட வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றால் எல்லோரும் சொல்வார்கள் என்று அர்த்தம். அது இஸ்திரிக்காரிக்குத் தெரியாதா? நாத்தனார் படியிறங்கியதும் குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை. செடி சாகவில்லை, போர்த்திக்கொண்டு தூங்குகிறது. தூங்குகிறவள் வாயில் தினமும் மோரை ஊற்றினால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது? அவளுக்கு வேண்டியது சூடு.

சூட்டுக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை குச்சியைத் தொட்டியோடு சால்வையில் சுற்றிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இஸ்திரி இயந்திரங்களுக்குப் பின்னால் நீராவிக் குழாய் போகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. வெளியே பனி கொட்டினாலும் அங்கே சித்திரை மாதம்தான். கூட வேலை செய்கிறவர்கள் குச்சியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு வேலையைப் பார்த்தார்கள். தண்ணீரை அளந்து, மண் காய்ந்த பிறகே விட்டாள். மோர் அவள் வீட்டுச் சோற்றுக்கு மட்டும் போனது.

மூன்றாவது வாரம் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. அப்புறம் நீராவியைக் குடித்துக் குடித்து அது வளர்ந்த வேகத்தைப் பற்றி அவள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். காலையில் பலகையில் இருந்த செடி மத்தியானம் கூரையைத் தொட்டதாகச் சொல்வாள். இரண்டே மாதத்தில் பழைய உயரத்தைத் தாண்டிக் கொத்துக் கொத்தாக இலை விட்டது என்பது மட்டும் சத்தியம்.

நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மேற்பார்வை அம்மாள் உள்ளே வந்தாள். கையில் கண்ணாடி மாதிரி ஒரு சிறிய பிளாஸ்டிக் பை. அதற்குள், போலீஸ்காரர் எடுத்த தடயத்தைப் போல, ஒரு கறிவேப்பிலை. தலையணை உறைக்குள் கிடந்ததாம். பூச்சி என்று நினைத்த விருந்தாளி ஒருத்தி ராத்திரி கூச்சலிட்டிருக்கிறாள். யாருடையது என்று கேட்டதும் எல்லோரும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இஸ்திரிக்காரி கையிலிருந்த உறையின் கடைசி மூலையையும் தேய்த்து மடித்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

இது ஹோட்டல், தோட்டமில்லை, சாயங்காலத்துக்குள் செடி வெளியே போக வேண்டும் என்றாள் அந்த அம்மாள். வெளியே குழாய்த் தண்ணீரே உறைந்து கிடந்தது. அந்தத் தளிர் வீடு போய்ச் சேருவதற்குள் கருகிவிடும். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் போய் ஒரு வலைப்பையை எடுத்து வந்தாள். விருந்தாளிகளின் காலுறைகளைத் தொலையாமல் போட்டுத் துவைக்கிற பை, ஜிப் வைத்தது. அதைச் செடியின் தலைவழியே மாட்டி, தண்டோடு சேர்த்து இழுத்து மூடினாள். அந்த ஊர் மொழி அவளுக்கு இன்னும் அரைகுறை. அதனால் சுருக்கமாகச் சொன்னாள்: பை. காற்று போகும். இலை போகாது.

அந்த அம்மாள் நம்பாமல் தொட்டியைத் தானே தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். உதிர்ந்த ஒரு இலை வலைக்குள்ளேயே தங்கிவிட்டது. குலுக்கிய குலுக்கலில் வாசனை மட்டும் வெளியே வந்தது. அவள் இரண்டாம் தடவை குலுக்கியது சோதனைக்கு அல்ல. இரண்டு வாரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் குளிரும் கொஞ்சம் விட்டிருந்தது. நிச்சயத்தன்று மண்டபத்துச் சமையலறையில் நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஐஸ் பாக்கெட் உருகி, இலையெல்லாம் கறுத்துத் துவண்டு கிடந்தது. எண்ணெய் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு, ஹோட்டல் பெயர் தைத்த வலைப்பையும் தொட்டியும் சால்வையுமாக இஸ்திரிக்காரி நுழைந்தாள்.

"எங்க உன் குச்சி?" என்று கேட்ட நாத்தனார், பை திறந்ததும் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களே பறிங்க அண்ணி. உங்க வீட்டு விசேஷம்."

நாத்தனார் ஒவ்வொரு கொத்தாகக் கிள்ளினாள். முதல் கைப்பிடி எண்ணெயில் விழுந்து படபடத்தபோது கூடத்தில் நாற்பது பேச்சும் ஒரே நேரத்தில் நின்றதாக இன்றும் சொல்கிறார்கள். நாத்தனார் கரண்டியைக் கையில் பிடித்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்த ஏழும் ஏன் செத்துச்சு?"

"குளிர்ல இலை கொட்டினதும் என்ன செஞ்சீங்க?"

"பாவமா இருந்துச்சு. தினம் மோர் ஊத்தினேன்."

இஸ்திரிக்காரி சிரிக்கவில்லை. தன் வீட்டில் எலி தேடிய கதையை அங்கேயே சொன்னாள். நாத்தனார்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எண்ணெய் தெறிப்பதைக்கூடக் கவனிக்காமல்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, செடியின் அடியில் வேரிலிருந்து முளைத்திருந்த விரல் நீளக் கன்றை இஸ்திரிக்காரி கரண்டிக் காம்பால் மண்ணோடு பெயர்த்து, ஒரு டம்ளரில் வைத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டம்ளரைப் பார்த்தாள். மோர் டம்ளர்.

"கழுவிட்டேன் அண்ணி" என்றாள் இஸ்திரிக்காரி.