ஒல்லாந்தன் குதிரையைத் தாட்ட மேடு

தனுஷ்கோடியைக் கடல் தூக்கிக்கொண்டு போன புயல் இருக்கிறதே, அதற்கு முந்தின கச்சான் காற்றுக் காலம். அந்தப் புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோய் ஆர் வளவில் விழுந்தது, அதைத் திருப்பி வாங்க என்ன பாடுபட்டோம் என்பது தனிக் கதை. அது கிடக்கட்டும். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அந்த வருடத்தோடு சரி.

போன கிழமை மாதா கோவில் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து, ஊரின் சரித்திரம் எழுதப்போகிறோம் என்று கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். கொழும்பில் பழைய கடுதாசிகளைக் காத்து வைக்கிற கந்தோருக்குப் போய் வந்தவர்களாம். அங்கே எடுத்த படம் ஒன்றைப் போனில் பெருப்பித்துக் காட்டினார்கள். இங்கிலீசு எழுத்து. எங்கள் கீரிக் கரையில் ஒல்லாந்தக் கப்பித்தான் ஒருவனின் குதிரையைப் புதைத்த மேடு உண்டு, அதைக் கலைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். அதில் ஒரு பலகை நடப்போகிறோம், உங்களுக்கு ஏதும் தெரியுமா அப்பு என்று கேட்டார்கள்.

தெரியாமலா? அந்தக் குதிரையை உண்டாக்கியதே என் மாமாதான்.

மாமா, அம்மாவின் தம்பி. கரைவலை இழுப்பவர். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கக்கூடத் தெரியாத மனிதர். அந்த வருடம் கரைக்குக் கிரவல் ரோட்டுப் போடவென்று முளை அடித்துக்கொண்டு வந்தார்கள். மீன் லொறி கரையில் இருக்கிற வாடிக்கே வரும் என்று ஊருக்குப் பெரிய புளுகம், ஒரே சந்தோஷம். ஆனால் முளைகள் மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டின் நடுவால் போயின. அன்றிலிருந்து மாமி சரியாகச் சாப்பிடவில்லை. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கறி அடிப்பிடித்துவிடும். ரோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள் என்று மாமா ரோட்டு வேலை பார்க்கிற ஓவசியரிடம் போய்க் கெஞ்சினார். காரணம் சொல்லாமல் ரோட்டை வளைக்க ஏலாது என்று ஓவசியர் அனுப்பிவிட்டார். மாமா காரணம் சொல்லவில்லை. வெறும் மணலுக்கு இவ்வளவு துக்கமா என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

கருவாடு எடுக்க எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார், நானா என்போம். அவர்தான் ஒரு செய்தி கொண்டுவந்தார். ரோட்டைப் பார்க்க அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரியவர் வரப்போகிறார், அவருக்குப் பழைய சாமான் என்றால் பைத்தியம், மன்னார்க் கோட்டையில் ஒரு கல் உதிர்ந்தாலும் குனிந்து எடுத்து முத்தமிடாத குறை என்றார். அடுத்த நாள் மாமா சைக்கிளில் பள்ளிமுனைப் பக்கம் போய் ஒரு சாக்கோடு வந்தார். சாக்குக்குள் ஒரு தாடை எலும்பு, பல்லுகளோடு. இது என்ன மாமா என்று கேட்டேன். குதிரை என்றார். தெருவெல்லாம் கழுதை திரியும் மன்னாரில் பிறந்தவனுக்குக் கழுதைப் பல்லைத் தெரியாதா? ஆனால் மாமா பொய் சொல்லமாட்டார். ஆகவே குழம்பிப்போய் நின்றேன்.

பெரியவர் வந்தார். மேட்டைத் தடியால் காட்டினார். ஊரே கூடி நின்றது.

"ஐயா, அதில கால் வையாதேங்கோ. ஒல்லாந்தக் கப்பித்தான் தன்ர குதிரையைத் தாட்ட இடம்" என்றார் மாமா.

"ஆர் சொன்னது?"

"பாட்டன் பூட்டன் சொன்னது. வேறை ஆர் சொல்லுறது?"

பெரியவர் சனத்தைப் பார்த்தார். நானா கருவாட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். "வெள்ளைக் குதிரை எண்டு எங்கட வாப்பா சொல்லுவார், ஐயா. நல்ல உயரமாம்."

வலைச் சண்டையில் மாமாவோடு பேச்சை நிறுத்தியிருந்த வலை முதலாளி சம்மாட்டியும், தன் தகப்பன் அதன் சேணத்தைக் கூடப் பார்த்தவர் என்று ஒரு போடு போட்டார். எதிலும் ஒத்துப்போகாத எங்கள் ஊர் அன்றைக்கு ஒத்துப்போனது. பெரியவர் தடியால் மணலைக் கிளறினார். பல்லுகள் வெளியே வந்தன.

"அது பள்ளிமுனையில செத்த..." என்று நான் தொடங்கினேன். அம்மா என் வாய்க்குள் ஒரு துண்டுப் பனங்கட்டியைத் திணித்துவிட்டார். மிச்சத்தை நான் சொல்லவில்லை. நல்ல பனங்கட்டி.

பெரியவர் ஒரு பல்லைச் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ரோட்டு வளைந்தது. இன்றைக்கும் ஓட்டோக்காரப் பெடியள் அந்த வளைவில் ஏசிக்கொண்டுதான் திருப்புகிறார்கள்.

மாமி அன்றிரவு வயிறாறச் சாப்பிட்டார். பிறகு நான் ஒரு பனைமட்டையைக் காலிடுக்கில் வைத்து அந்த மேட்டில் குதிரை ஓடப் பழகினேன். மாமி வேலி ஓரம் வந்து சிரித்துக்கொண்டு பார்ப்பார். ஏசமாட்டார். "மெல்ல மிதி, அப்பன்" என்று மட்டும் சொல்வார். குதிரை எழும்பிவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொள்வேன்.

என் மூத்தவள் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு அம்மா அந்தரப்பட்டார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். "உன்ர மாமியின்ர பிள்ளைக்குத் தலையில தண்ணி வார்க்க முந்தி மூச்சு நிண்டிட்டுது. சேமக்காலையில புதைக்க இடம் குடுக்கேல்லை. அந்த மேட்டிலதான் கிடக்கு" என்றார். ஓவசியரிடம் சொன்னால் தோண்டி வேறெங்காவது வை என்பார். எங்கே வைப்பது?

இப்போது மாமாவும் மாமியும் சேமக்காலையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று கோவில் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியென்றால் பலகையில் என்ன எழுதுவது என்று ஒருத்தி கேட்டாள்.

"குதிரை எண்டே எழுதுங்கோ, பிள்ளை. ஆனால் ரோட்டை நிமித்தப்போறம் எண்டு ஆராவது மெசினோட வந்தால், முதலில குதிரையைச் சொல்லுங்கோ. அதுக்கும் கேளாட்டிக் குழந்தையைச் சொல்லுங்கோ. அப்ப நான் இருக்கமாட்டன். நீங்கள் உங்களுக்குப் பிறகு வாறவைக்கும் சொல்லி வையுங்கோ."