தோத்த ஆள் சொல்லோணும்

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்திருந்த அந்த வருடங்களில் வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே அண்ணன் ஒரு கொமினிகேசன் கடை போட்டிருந்தார். இரண்டு தொலைபேசிக் கூடுகள், மூன்று கம்ப்யூட்டர்கள், அவற்றோடு மாரடிக்க நான். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வன்னியிலிருந்து வருகிற சனம் செம்மண் காலோடு உள்ளே ஏறும். "காலைத் தட்டிப்போட்டு வாங்கோ!" என்று நான் கத்தாத நாளில்லை. இப்போது அந்தச் செம்மண்ணை நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது.

மாங்குளத்திலிருந்து ஒரு மாஸ்ரரும் மனைவியும் மாதம் ஒருமுறை வருவார்கள். இடம்பெயர்ந்து திரும்பியபோது அவர்களுடைய வீட்டில் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. கூரைக்குப் பதில் கட்டிய தறப்பாளுக்குக் கீழேதான் சீவியம். கூரைக்கு ஓடு போடக் கனடாவில் மகன் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். இன்ரநெற்றில் போன் நிமிடம் வாங்குவதற்கென்று அவன் கொடுத்த வங்கி அட்டை இலக்கம் தகப்பனிடம் இருந்தது. ஓட்டுக் காசும் அதே கணக்கில்தான் கிடந்தது.

ஒருநாள் மனைவி சந்தைக்குப் போயிருக்க, மாஸ்ரர் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வந்து பார். நான் வெண்டுகொண்டு இருக்கிறன்!"

திரையில் கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரன் ஒருவனின் படம். சீட்டாட்டம்; அவன் ஒரு கடதாசி போடுகிறான், இவர் ஒன்று போடுகிறார். பந்தயம் உண்மையான காசு. ஏதோ விளம்பரத்தை அமத்தி உள்ளே போய், அட்டை இலக்கத்தையும் கொடுத்துவிட்டார் மனுசன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வெண்டது காணும் மாஸ்ரர், எழும்புங்கோ."

"அதெப்பிடி? வெண்டவன் எழும்பினால் மரியாதையோ? தோத்த ஆளெல்லோ காணும் எண்டு சொல்லோணும்."

அவர்களுடைய முற்றத்துக் கடதாசி விளையாட்டில் அதுதான் முறை. தோற்றவன் போதுமென்று சொல்லும்வரை வென்றவன் பாயை விட்டு எழும்பமாட்டான்.

"ஐயோ, உது ஆளில்லை மாஸ்ரர், மெசின். உது ஒருநாளும் காணும் எண்டு சொல்லாது."

"ஆர் கண்டது, அவனும் பிள்ளைகுட்டிக்காரனாய் இருப்பான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வென்றதெல்லாம் போய், மகனுடைய காசும் கரையத் தொடங்கியது. "இப்ப நீங்கள்தானே தோத்த ஆள், சொல்லுங்கோவன்!" என்று கத்தினேன். "விட்டதை எடுத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார். முகம் வேர்த்து, கண் திரையை விட்டு அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரம் மனைவி மரக்கறிப் பையோடு வந்தார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவா சத்தம் போடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உதிலை போறது ஓட்டுக் காசோ?"

மாஸ்ரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப தோத்த ஆள் நான். நான் சொல்லுறன், காணும்."

மாஸ்ரர் கையை எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னதும் அவர்தான்: "இனி நான் கெஞ்சிக் கேட்டாலும் இந்தக் கதிரையை எனக்குக் குடுக்காதை பிள்ளை."

அன்றே கனடாவுக்குப் போன் எடுத்து, மகனைக் கொண்டு அந்த அட்டையை நிற்பாட்ட வைத்தேன். அதன்பிறகு மகனுக்கு அனுப்புகிற ஈமெயிலை மாஸ்ரர் எனக்குப் பின்னால் நின்று சொல்லுவார், நான் தட்டுவேன். "அது பிழை, திருத்து" என்று உயிரை எடுப்பார். நானும் விடமாட்டேன், வாய்க்கு வாய் கொடுப்பேன். எவ்வளவு நல்ல காலம் அது! மிஞ்சிய காசோடு மகன் இன்னும் சேர்த்து அனுப்ப, ஓடும் போட்டார்கள். வீடு குடிபுகுந்த சந்தோசத்தில் ஒரு பை பாலைப்பழம் கொண்டுவந்து தந்தார்கள். கையெல்லாம் பிசுபிசுக்கத் தின்றோம்.

பாதை மறுபடி பூட்டுப்பட்டு, கடைசிச் சண்டையும் முடிந்தபின், வன்னிச் சனத்தை அடைத்துவைத்த முகாமின் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று அவர்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாதியாகிப் போயிருந்தார்கள். என்ன கேட்பதென்று தெரியாமல், "வீடு?" என்று கேட்டுவிட்டேன். மாஸ்ரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவா கம்பிக்குள்ளால் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு மாரி அதுக்குள்ளை இருந்தனாங்கள் பிள்ளை. ஒரு சொட்டு ஒழுகேல்லை."