திரையில் ஒரு சிவப்புக் கோடு

மும்பை வடாலாவில் ஒரு சோப்பு ஆலையின் இயந்திரங்களை அலுவலகக் கம்ப்யூட்டரோடு இணைப்பது போன மாதம் வரை என் வேலை. பெல்ட் நின்றால் மேனேஜரின் திரையில் சிவப்புக் கோடு விழும். தினமும் மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு கோடு விழுந்தது. காரணத்தைக் கேட்டு வரச் சொன்னார்.

பெல்ட்டை ஓட்டுபவர் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்கார அக்கா. தமிழில் கேட்டதால் மறைக்காமல் சொன்னார்.

“பேக்கிங்ல நிக்கிற பொம்பளையெல்லாம் பாத்ரூம் போயிட்டு வரணும்லா தம்பி? பெல்ட்டு ஓடிட்டே கெடந்தா எப்படிப் போவாவ? நாந்தான் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவேன். சூப்பர்வைசர் கேட்டா ‘ஜாம் ஹோ கயா’, பெல்ட்டு சிக்கிக்கிட்டுன்னு சொல்லிருவேன்.”

பெல்ட் நின்றதற்குக் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்க இருந்த காரணங்களில் ‘ஜாம்’ என்பதும் ஒன்று. அதையே தொட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் தகவல் சுத்தமாக இருக்க வேண்டுமே! ‘கழிப்பறை’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். பெரிய புத்திசாலி.

மறுவாரமே உத்தரவு வந்தது. பெல்ட்டை நிறுத்தக் கூடாது. ஒவ்வொருவராகச் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஆளிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

“அந்தப் பாழாப்போன மிஷினு எப்படியோ கண்டுபிடிச்சிட்டு, தம்பி” என்றார் அக்கா.



என் கடைசி நாள் கூட்டத்தில் திரை முழுக்கப் பச்சை. எனக்குக் கை தட்டினார்கள். நடுவில் எழுந்து பாத்ரூம் போனேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.