ஆற்றுமட்டக்காரர்

மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே, நாளிதழ் அலுவலகத்தில் அவர் ரிசீவரைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். பத்தானதும் எல்லைக்கு அப்பால், அணைக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் நிருபருக்குப் போன்.

“என்ன சம்பந்தி, இன்னைக்கு எவ்வளவு தண்ணி?”

“எட்டு அடி நாலு அங்குலம். சீர் குறைச்சல்னு உங்க வீட்ல மூஞ்சியைத் தூக்கக் கூடாது!”

பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை; நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆறு அந்த நாட்டில் புறப்பட்டு இந்த நாட்டுக்குள் வருவதால் ஒட்டிக்கொண்ட உறவு. பத்தொன்பது வருடமாக, மாலை நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் அவருடைய பெட்டிச் செய்தி: நீர்மட்டம், அதன் கீழே ‘தகவல்’ என்று சம்பந்தியின் பெயர். சொன்னவர் பெயரில்லாமல் எந்த எண்ணையும் அச்சேற்ற மாட்டார். உதவி ஆசிரியர்கள் யாராவது ‘சுமார்’ என்று எழுதினால் போதும், “சுமார்னு சொல்ல ஜோசியக்காரன் இருக்கான், நீ எதுக்குப்பா?” என்பார். டீக்கடையில்கூட, சர்க்கரை ஒரு ஸ்பூனா, ஒன்றரையா என்று கேட்டுத்தான் குடிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டு தூதர்களைத் திருப்பி அழைத்தன. அடுத்த வாரமே ஒரு காலையில் சம்பந்தியின் குரல் தணிந்து வந்தது: “பன்னிரண்டு மதகையும் திறந்துட்டாங்க. யாருக்கும் சொல்லல. ஜனங்களைக் கிளப்புங்க.”

மூன்று மணிக்குப் பத்திரிகை தெருவுக்கு வந்தது. ஆறு மணிக்கு வெள்ளம் வந்தது. கரையோரத்து ஜனங்கள் அதற்குள் மேட்டில் ஏறியிருந்தார்கள். ஓர் உயிர் போகவில்லை. அன்றைய அவசரத்தில் எண்ணை மூன்று முறை சரிபார்த்தவர், பெயரை யோசிக்கவில்லை. வழக்கம்போல அதுவும் அச்சேறிவிட்டது.

மதகே திறக்கவில்லை என்று சாதித்தது அந்த அரசு. இந்த அரசு பெட்டிச் செய்தியைத் தூக்கிக் காட்டிக் கண்டனம் தெரிவித்தது. எதிரி நாட்டுக்குத் துப்புக் கொடுத்ததாகச் சம்பந்தி கைதானார். சாட்சி, அதே பெட்டிச் செய்தி.

போன வாரம் சம்பந்தியின் மனைவி போன் செய்தாள். “அண்ணே, அவர் எதுவும் சொல்லல, நீங்களாத்தான் போட்டீங்கன்னு பத்திரிகையிலேர்ந்து ஒரு கடிதம் வந்தா விட்டுடுவாங்களாம். வக்கீல் சொல்றார்.”

ஆசிரியரிடம் போய் நின்றார்.

“அங்க பத்திரிகைச் சுதந்திரம் செத்துப்போச்சுன்னு நாளைக்குத் தலையங்கம் போடறோம். இப்ப போய் நாம போட்டது பொய்னு எழுதிக் குடுத்தா, மேலிடத்துல சும்மா விடுவாங்களா? பத்திரிகையை இழுத்து மூடிடுவாங்க, சார்.”

தலையங்கத்தை மெய்ப்புப் பார்க்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. ஒரு கால்புள்ளி விடாமல் பார்த்துக் கொடுத்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளை விரித்தபோது மனைவி கேட்டாள்: “இது வெளியே தெரிஞ்சா வேலை போயிடும், தெரியுமில்ல?”

“வேலை மட்டுமா போகும்?”

‘மதகுகளின் எண்ணிக்கை என் கற்பனை. எவரும் எனக்குத் தகவல் தரவில்லை’ என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார். பத்திரிகையின் பெயர் அச்சிட்ட தாள் இல்லை; வெறும் தாளை யார் நம்புவார்கள்? பிறகு, கழுத்தில் தொங்கிய நிருபர் அட்டையைக் கழற்றிக் கடிதத்தோடு உறைக்குள் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார்.